சட்டைக்குள் வந்த சிலுவைராயன்

எங்கள் துறைமுகத்தில் இறங்கும் ஆண்கள் சட்டைகளில் நூற்றுக்கு ஏழெட்டில் உள்ளே ஆள் இருப்பார். ஆளுக்குத் தனி வரி கிடையாது. முதுகில் செருகும் அட்டை, காலருக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பட்டை, குண்டூசி ஆகியவற்றைப் போல அவரும் பேக்கிங் சாமான். சட்டை எந்த இனத்தில் சேர்கிறதோ, ஆளும் அதிலேயே சேர்ந்துவிடுவார்.

பதினாறு ஆண்டுகளாக நான் சுங்கத் துறையின் மூன்றாம் எண் கொட்டகையில் சட்டைகளை வகைப்படுத்துகிறேன். கடினமான வேலை அல்ல. துணி நெய்ததா, பின்னியதா என்று பார்க்க வேண்டும். பிறகு பொத்தான் வரிசை. இடது பக்கம் வலது பக்கத்தின் மேல் மூடினால் ஆண்கள் சட்டை. வலது பக்கம் மேலே வந்தால் பெண்கள் சட்டை. உள்ளே இருப்பவருக்கு மீசை இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு விதி மட்டும் சற்றுச் சிக்கலானது. திரும்பத் திரும்ப உபயோகிக்கக்கூடிய பேக்கிங் சாமான் சரக்கோடு சேராது. சிலிண்டர், இரும்புப் பீப்பாய் போன்றவற்றை ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஆளுக்கும் அதே விதி. ஆகவே, இனி எதற்காவது உபயோகப்படுவாரா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்து எழுதுவோம்.

அமலோற்பவம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவளுடைய கணவர் சிலுவைராயன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து ஒரு தையல் ஆலைக்குப் போனவர். ஆலைக்காரர்கள் ஊருக்குப் போக விடாத தொழிலாளர்கள் இப்படித்தான் சட்டைக்குள் வருவார்கள். சிலுவைராயன் வெளிர் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையில், அட்டைப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தார். மூடியைத் திறந்ததும் மெதுவாக விரிந்து மேஜை மேல் உட்கார்ந்தார். கழுத்தில் இரண்டு குண்டூசிகள் இருந்தன.

அமலோற்பவம் கையை நீட்டினாள். சோதனை முடியும்வரை தொடக் கூடாது என்றேன். கையை எடுத்துக்கொண்டாள்.

நெய்த பருத்தி, ஆண்கள் சட்டை என்று எழுதினேன். பிறகு கேட்டேன். “இவர் இனி எதற்காவது உபயோகப்படுவாரா?”

“என்னய்யா இப்படிக் கேட்டுட்டிய? ரெண்டு மூட்ட உப்ப ஒத்தையில தூக்குவாரு. தையலு, தச்சு வேல, எல்லாம் தெரியும். இந்தக் கையி சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல.”

சிலுவைராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குண்டூசி குத்தியிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் லயோனல் தலையில் கை வைத்தார். “எக்கா, இது என்ன மாப்ள பாக்குத எடமா? அங்க எழுதுதாரு பாரு. கெட்டிக்காரருன்னு சொன்னா அடுத்த கப்பல்ல திரும்பப் போயிருவாரு. ஒண்ணுக்கும் ஆகமாட்டாருன்னு சொல்லு.”

“ஆளு எதுக்க உக்காந்திருக்கும்போதா?”

“ஆளா? பேக்கிங்கு அது.”

எழுதியதை அடிக்க முடியாது, கூடுதல் வாக்குமூலம் சேர்க்கலாம் என்று சொல்லி வேறொரு தாளை எடுத்தேன். அமலோற்பவம் தரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

“மூட்ட தூக்குவாருன்னு சொன்னேம்லா. அது கல்யாணத்துக்கு முந்தி. அப்புறம் ஒரு கொடம் தண்ணி தூக்குனதில்ல. நாந்தான் தூக்குதேன்.”

எழுதினேன்.

“மூத்தவளுக்கு மஞ்சக்காமால வந்தப்ப இவரு போன்ல அழுதாரு. தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நானு.”

எழுதினேன்.

“கூர ஒழுகுனா அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாரு.”

“ஓடு மாத்துனது நாந்தான்” என்றார் சிலுவைராயன். ஒன்பது ஆண்டுகளில் மனைவியின் முன்னால் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“எண்ணே, நீரு பேசப்படாது” என்றார் லயோனல். “உம்ம முதுகுல இருக்க அட்ட பேசுதா?”

“மாத்துனாரு. அடுத்த மழைக்கே ஒழுகிச்சு. ஏறிச் சரி பண்ணுனது நானு.”

அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் உப்பளம், மதியம் வலைக் கம்பெனி, படுக்கையில் கிடந்த மாமனாரைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்டது, அவரை அடக்கம் பண்ண ஆள் சேர்த்தது என்று மூன்று தாள் நிறைந்தது. கடைசியில், “இவரு இல்லாமலே எல்லாம் நடந்துச்சுய்யா” என்றாள். கணவரின் பக்கம் திரும்பவில்லை.

வாக்குமூலத்துக்குப் பின் ஆளைப் பழைய மடிப்பிலேயே மடித்து ஐந்து நிமிடம் வைப்பது எங்கள் வழக்கம். தானே விரிந்தால் மறுபடி உபயோகத்துக்கு ஆகும். சிலுவைராயன் எங்களுக்குச் சிரமம் வைக்காமல் தாமே மடிந்துகொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. லயோனல் கேட்டுக்கொண்டதால் பத்து நிமிடம் விட்டோம். விரியவில்லை. தோளில் தட்டிப் பார்த்தேன். அட்டையின் சத்தம் வந்தது.

“சோலி முடிஞ்சுது” என்றார் லயோனல்.

ஒருமுறை உபயோகத்துக்கானது என்று முத்திரை குத்திப் பெட்டியைக் கொடுத்தேன். அமலோற்பவம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போனதும் விரிஞ்சிருவாருல்லாய்யா?”

“அதை எங்கள் பிரிவில் பார்ப்பதில்லை.”

உதவி ஆணையரின் கையெழுத்துக்காகக் கோப்பு மேலே போயிற்று. அரை மணி நேரத்தில் ஒரு குறிப்போடு இறங்கி வந்தது. ‘வாக்குமூலத்தின்படி, உறுதியானதும் பலமுறை உபயோகிக்கத்தக்கதுமான ஒன்று கொட்டகைக்குள் எந்தக் காகிதமும் இல்லாமல் நிற்பதாகத் தெரிகிறது. ஆறு மாதக் கெடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலைக் கப்பலில் இடம் உண்டு.’

அதை அமலோற்பவத்துக்குப் படித்துக் காட்டினேன். லயோனல் ஏற்றுமதிப் படிவம் ஒன்றை உருவி அவள் பெயரை நிரப்பத் தொடங்கினார்.

“இவரு பெட்டியிலயே நானும் இருந்துக்கிடுதேனேய்யா. எடம் காணும். நான் ஒல்லிதான்.”

“முடியாதம்மா. அவர் வந்த சரக்கு. நீங்கள் போகிற சரக்கு.”

அவள் பெட்டியை என் மேஜை மேல், வெயில் படாத ஓரமாக வைத்தாள். “மூத்தவ நாலரைக்குப் பள்ளிக்கொடம் விட்டு வருவா. அவ கைல குடுத்துருங்க. நல்லா கையெழுத்துப் போடுவா.”

பெண்கள் சட்டைப் பிரிவு மாடியில் என்று வழி காட்டினேன். அங்கிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன அளவுச் சட்டை எடுத்து வைக்க என்று என்னைக் கேட்டார்.

“முப்பத்தாறு” என்று படியேறிக்கொண்டே அவளே சொன்னாள்.