பட்டங்களுக்குக் கீழே ஒரு வரி

கலாநிதி பஞ்சலிங்கம் இங்கிலாந்தில் இருந்து ஒரு கணனியும் ஒரு கழுத்துப்பட்டியும் கொண்டுவந்தார். கணனிக்கு உறை தைத்துப் போட்டார். கழுத்துப்பட்டியை மட்டும் எந்த வெயிலிலும் கழற்றவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில் அவர் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில், ஆராய்ச்சி என்று ஏதாவது செய்தவள் இராசமலர் ஒருத்திதான். கமக்காரர் தங்கள் அட்டை இலக்கத்தைத் தட்டினால், கூட்டுறவுச் சங்கத்தில் அவர்களுக்குரிய உரம் எவ்வளவு என்று கணனி தமிழில் காட்டும். அந்த எழுத்துகளைப் புள்ளி புள்ளியாய் வரைந்தவள் அவள். திரையின் மேற்பாதி உரக் கணக்குக்கு. கீழ்ப்பாதியில் பஞ்சலிங்கத்தாரின் பெயரும் பட்டங்களும் கால்நீட்டிப் படுத்திருந்தன.

குறை ஒன்றுதான். இலக்கத்தைத் தட்டியபின் விசைப்பலகையின் வலப்பக்கத்துப் பெரிய கட்டையை அழுத்த வேண்டும். திரையில் அதைச் சொல்ல இடமில்லை. இராசமலர் ஒரு வரிக்கு இடம் கேட்டாள்.

“என்ரை பட்டத்தை வெட்டச் சொல்லுறீரோ?”

“ஒரு வரி மட்டும், சேர்.”

“உமக்கு விளங்காது, பிள்ளை. மனித–கணனி இடைவினை எண்டது இப்ப உலகத்திலை புதுத் திசையளிலை போகுது. பாவிக்கிற ஆள் மனதிலை பட்டதை வாய்விட்டுச் சொல்லோணும். ஒராள் எண்டாலும் குறை சொல்லட்டும், மாத்துவம்.”

மாத முடிவில் கருத்தரங்கு. அதன்பின் கணனி சங்கத்துக்குப் போய்விடும். அதற்குள் ஒரேயொரு குறை கிடைத்தால் போதும். யாழ்ப்பாணத்தில் குறைக்கா பஞ்சம் என்று எண்ணிக்கொண்டு இராசமலர் கமக்காரரை அழைத்துவந்தாள்.

முதலில் வந்தவர் சாவகச்சேரிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர் பொன்னம்பலம். வாசலில் செருப்பைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கணனி முன் அமர்ந்தார். இலக்கத்தைத் தட்டினார். காத்திருந்தார். தேத்தண்ணி வந்தது, குடித்தார். வடை வந்தது, தின்றார். உரக் கணக்குத்தான் வரவில்லை.

“என்ன நினைக்கிறியள், ஐயா? வாய்விட்டுச் சொல்லுங்கோ.”

“வடிவாய் இருக்கு, பிள்ளை.”

“ஒண்டும் வரேல்லையே?”

“அது வரேக்கை வரட்டும். எனக்கென்ன அவசரம்?”

“எரிச்சலாய் இல்லையோ?”

“சீச்சீ! கூப்பிட்டு இருத்தி வடையும் தந்திருக்கிறியள். குறை சொல்லிப்போட்டுப் போனா என்னை ஒரு மனிசனெண்டு மதிப்பினமே?”

அடுத்த நாள் வடையை நிறுத்தினாள். உடுப்பிட்டியில் இருந்து வந்த கனகாம்பிகை, அசையாத திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு இராசமலரின் கையைத் தடவினாள்.

“முகம் வாடிக் கிடக்கு, மோனை. நீ செய்ததே உது? நல்லாயெல்லே செய்திருக்கிறாய்.”

“மாமி, உதிலை ஒரு பிழையும் தெரியேல்லையோ உங்களுக்கு?”

“பிழை என்னிலைதான். என்ரை விரலுக்குப் பலம் காணாது.”

வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். ‘பாவிப்போர் யாவரும் பூரண திருப்தி’ என்று தட்டச்சுச் செய்யச் சொன்னார் பஞ்சலிங்கம். பற்களைக் கடித்தபடி அதையும் செய்தாள்.

கருத்தரங்குக்குப் பாடசாலை அதிபர்களும் ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் வந்திருந்தனர். ‘இடைவினை’ என்ற சொல் வந்தபோதெல்லாம் முன்வரிசை தலையாட்டியது. பேச்சு முடிந்ததும் கலாநிதி உறையை நீக்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமது கணனி முறையைத் தாமே பாவிக்க அமர்ந்தார். இலக்கத்தைத் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

இராசமலர் அவர் வாயையே பார்த்து மனதுக்குள் மன்றாடினாள். சொல்லுங்கோ சேர், வாய்விட்டுச் சொல்லுங்கோ.

“கணனி யோசிக்குது,” என்றார் பஞ்சலிங்கம், சபையைப் பார்த்து.

“யோசிக்கிறது முகத்திலை தெரியுது,” என்றார் முன்வரிசையில் ஓர் அதிபர். கைதட்டல் எழுந்தது.

எல்லோரும் போனபின் அவர் அவளிடம் வந்தார். “பிள்ளை, ஒரு குறை வந்திருக்கு.”

அவள் துள்ளி எழுந்தாள். “சொல்லுங்கோ, சேர்!”

“பின்வரிசைக்கு என்ரை பேர் தெரியேல்லையாம். பெரிசாக்கிவிடும்.”

அவள் மறுபடி அமர்ந்தாள். “பேரைப் பெரிசாக்கினா பட்டத்துக்கு இடம் காணாது, சேர்.”

அவர் திரையை மேலும் கீழுமாக ஆராய்ந்தார். “உந்த மேற்பாதி சும்மாதானே கிடக்கு? இண்டைக்கும் அதிலை ஒண்டும் வரேல்லை. அதை எடும்.”

இராசமலருக்குப் பொறுக்கவில்லை. எட்டி, பெரிய கட்டையை ஓங்கி அழுத்தினாள். உரக் கணக்கு அழகான தமிழில் வரிவரியாக வந்து நின்றது.

பஞ்சலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

“பாத்தீரே! உம்மடை வரி இல்லாமலே வருகுதெல்லே?”