ஒன்பது மணிக்கு வராத செய்தி

பஸ் தலவாக்கலையை நெருங்குவதற்குள் ஐவி பத்துத் தடவையாவது கைப்பேசியைப் பார்த்திருப்பாள். ஒன்பது மணிச் செய்தி வரவில்லை. விடிந்ததிலிருந்து மழையும் விட்டபாடில்லை.

லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி கற்பிக்கும் ஐவிதான், தான் வாழும் தேயிலைத் தோட்டத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணினியையும் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் இருந்த அது, மலையிலுள்ள மழைமானியின் அளவைப் படிக்கும். நூறு மில்லிமீற்றரைத் தாண்டினால் அபாயச் சங்கை ஊதும். தான் வேலை செய்வதாக மணிக்கொரு தடவை அவளுக்குச் செய்தியும் அனுப்பும்.

தோட்டத் தலைவர் மத்தியாஸை அழைத்தாள். எட்டரைக்குக் கரண்ட் போய் வந்ததாகவும், பச்சை விளக்கு எரிவதாகவும், ஒரு குறையும் இல்லையென்றும் சொன்னார். பச்சை விளக்கு மின்சாரம் இருப்பதை மட்டும்தான் காட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தவள் அவள்தான். அதன்பின் எச்சரிக்கை நிரல் தானாகத் தொடங்கவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று கையால் தொடக்கிவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியிருந்தாள்.

பாதி வழியில் இறங்கி, ஓட்டோ பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பினாள். கணினி விழித்திருந்தது, நிரல் ஓடவில்லை. கையால் தொடக்கினாள். திரையில் நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. அடுத்த நொடி சங்கு ஊதியது.

மத்தியாஸ் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "டீச்சர், சும்மா ஊதிப் பாக்குறீங்களா, நெசமாவா?"

"நெசந்தான் அண்ணே. கீழ் லயத்து ஆளுங்கள மொதல்ல கோயிலுக்கு அனுப்புங்க."

அந்த வரிசை வீடுகளின் பன்னிரண்டு குடும்பங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த கோயிலுக்கு ஏறின. மத்தியானம் கீழ் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து, அங்கே குடியிருந்த அழகம்மாவின் அடுப்படிக் குசினியை மூடியது. உள்ளே யாரும் இல்லை.

ஐவியால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கோப்புகளைத் தேடினாள். நிரலைத் தந்த வெளி நிறுவனம் எழுதிய தொடக்கக் கட்டளைக் கோப்பு மிகப் பழையது. முந்தைய இயங்குதளம் தொடக்கக் கோப்புகளை வைக்கும் அடைவில் எது இருந்தாலும் வரிசையாக ஓட்டிவிடும். புதியதோ, எந்தச் சேவை எதற்குப் பிறகு தொடங்க வேண்டும் என்று கோப்பின் தலையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வலையமைப்பு வந்த பிறகு இது தொடங்கட்டும் என்று சில வரிகளைச் சேர்த்தாள்.

சரிதானா என்று அறியக் கணினியை அணைத்தே ஆக வேண்டும். மூன்று நிமிடம் சங்கு இருக்காது. மேல் லயத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். மத்தியாஸிடம் சொன்னாள். அவர் விசிலோடு மேட்டில் போய் நின்று கையசைத்த பிறகுதான் அணைத்தாள். திரை கறுத்தது. திரும்பவும் போட்டாள். அவள் கதவுக்கும் மேசைக்கும் நடந்தாள். எழுத்துகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. கைப்பேசி அதிர்ந்தது: வேலை செய்கிறேன்.

கோயிலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை தான் செய்ததை எல்லோர் முன்னாலும் சொன்னாள். அழகம்மாதான் முதலில் கேட்டாள்.

"இனிமே கரண்ட் போய் வந்தா ஊதுமா டீச்சர்?"

"ஊதும்மா. இப்பத்தான் அணைச்சுப் பாத்துட்டு வர்றேன்."

அழகம்மா நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டாள்.