புதன்கிழமை மூன்று நாற்பது

மங்களத்துக்கு அந்தப் பெண்ணின் மேல் வயிற்றெரிச்சல் எப்போது வந்தது என்று கேட்டால் நாள், நேரத்தோடு சொல்லிவிடலாம். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. லகாட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகள் இருக்கின்றனவே, அங்குள்ள பொது மண்டபத்தின் பின்னறையில் எட்டுக் கம்ப்யூட்டர்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்த டியூஷன் டீச்சர் தினேஸ்வரி, "அய்யோ, எவ்ளோ அழகா இருக்கு" என்று வாயைப் பிளந்தாளே, அந்த நொடிதான்.

அழகாக்கியவள் பெயர் ஷார்மேன். ஈப்போவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. இருபத்து நான்கு வயது. சர்ச் இளைஞர் குழுவோடு பிள்ளைகளுக்கு உதவி செய்ய வந்தவள். குழுவில் மற்றவர்கள் பொட்டலம் கொடுத்து, போட்டோ எடுத்து, வந்த வேனிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இவள் மட்டும் அடுத்த சனிக்கிழமையும் வந்தாள், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். இவளும் வேனோடு போயிருந்தால் யார் குடி முழுகியிருக்கும் என்று மங்களம் பல தடவை யோசித்திருக்கிறாள்.

அந்த எட்டும் யாரோ கழித்துக்கட்டிய பழைய பெட்டிகள். அவற்றுக்கு உயிர் கொடுத்தவள் மங்களம். மெங்லெம்புவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே மெஷின்களில் ஓடுவது லினக்ஸ். டெக்னீஷியன் பையன்கள் அடிக்கிற கட்டளைகளை ஓரக்கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றையும் 555 புத்தகத்தில் குறித்துவைத்தாள். மற்றவர்கள் மளிகைக்கடைக் கடனை எழுதுகிற அந்தச் சின்னப் புத்தகத்தில் மங்களம் எழுதியது முழுக்கக் கம்ப்யூட்டர். காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை எட்டுப் பெட்டியிலும் ஏற்றி, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற மாதிரி செய்ய அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. அதிலிருந்து சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் கம்ப்யூட்டர் அக்கா. அறைச் சாவி அவளிடம். கதவில் அவள் கையாலேயே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய தாள்: "கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மங்களத்தைக் கூப்பிடவும்." கீழே போன் நம்பர்.

ஷார்மேன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. ஆன்ட்டி என்றாள். மங்களத்துக்கு நாற்பத்தாறுதான். அதையாவது மன்னித்துவிடலாம். எட்டுப் பெட்டிக்கும் பொதுவான பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, "டெஸ்க்டாப்ப மட்டும் கொஞ்சம் மாத்துறேன் ஆன்ட்டி" என்று சொல்லி, இரண்டே மணி நேரத்தில் பழைய சாம்பல் நிறத் திரையைத் தூக்கிவிட்டுப் புதுசு போட்டாளே, அதை எப்படி மன்னிப்பது? பின்னால் கிளேடாங் மலையின் படம். பெரிய பெரிய பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்கள் எல்லாம் தமிழில். மங்களம் இரண்டு வருஷமாக முயன்றும் தமிழ் வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் வந்துகொண்டிருந்தது. இவள் கறிபாப் தின்றுகொண்டே செய்துவிட்டாள்.

மறு வாரம் கதவில் இன்னொரு தாள். கலரில் அச்சடித்தது. ஷார்மேனின் நம்பர். ஒட்டியவர் மண்டபத் தலைவர் சதாசிவம். ஒட்டியதுதான் ஒட்டினார், கீழே ஒட்டக்கூடாதா? மங்களத்தின் தாளுக்கு மேலே ஒட்டியிருந்தார்.

"ரெண்டு பேர் இருந்தா நல்லதுதானேம்மா" என்றார்.

"நல்லதுதான்ணே" என்றாள் மங்களம். அன்றைக்கு வீட்டில் சமைத்த குழம்பில் உப்புப் போட மறந்துபோனாள்.

இதெல்லாம் முன்கதை. விஷயம் நடந்தது ஒரு புதன்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து வந்தவள் நேராக மண்டபத்துக்குப் போய் அறையைத் திறந்தாள். யாரும் இல்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தன் பழைய டெஸ்க்டாப் உள்ளே எங்கேயாவது உயிரோடு இருக்கிறதா, இல்லை, அந்தப் பெண் அடியோடு அழித்துவிட்டாளா? சத்தியமாகக் கெடுக்கப் போகவில்லை. பார்க்கத்தான் போனாள்.

கறுப்புத் திரைக்குப் போய், பழையதைக் கிளப்பச் சொல்லிக் கட்டளை அடித்தாள். அனுமதி இல்லை என்று பதில் வந்தது. மங்களத்துக்குச் சுருக்கென்றது. யாருடைய பெட்டி, யாருக்கு அனுமதி இல்லை? 555 புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதற்கு மருந்து உண்டு. எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'சுடோ' என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும், அதை ரூட்டே சொன்னதாக எடுத்துக்கொண்டு பெட்டி மறுபேச்சுப் பேசாது. ரூட் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெரிய துரை. சுடோ போட்டு அடித்தாள். சாம்பல் நிறத்தில் அவளுடைய பழைய திரை வந்து நின்றது. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மீதி ஏழிலும் இருக்கிறதா என்று பார்க்காமல் போக மனசு வரவில்லை. ஒன்றில் செய்ததை எட்டிலும் செய்து, கண் குளிரப் பார்த்து, அணைத்து, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் பொரித்தாள்.

வியாழன் மாலை எட்டுப் பெட்டியும் ஒரே மாதிரி மக்கர் செய்தன. பாஸ்வேர்டை அடித்தால் ஏற்றுக்கொள்கிறது. திரை ஒரு தடவை கறுத்துச் சிமிட்டுகிறது. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. எத்தனை தடவை அடித்தாலும் உள்ளே போன ஆளை வாசலுக்கே திருப்பி அனுப்புகிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பயிற்சித் தேர்வு. தினேஸ்வரி பதறிப்போய் போன் அடித்தாள். ஷார்மேனுக்கு.

செய்தி மங்களத்துக்கு வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் வந்தது. அவள் உடனே தினேஸ்வரியைக் கூப்பிட்டாள்.

"ஏன் டீச்சர், எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"இல்லக்கா, டெஸ்க்டாப் மாத்துனது அவதானே, அதான். கோவிச்சிக்காதீங்கலா."

கோபம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் போனை வைத்த பிறகு, அந்த வார்த்தையை மறுபடி நினைத்துப் பார்த்தாள். மாற்றியது அவள்தானே. ஆமாம், அவள்தானே. அந்த மலையும் பொத்தானும் தமிழும் எட்டிலும் ஒரே நாளில் படுத்துவிட்டன. மங்களம் போட்டது மூன்று வருஷம் ஒரு நாள் படுத்ததா? உச்சி குளிர்ந்துபோய் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு, கையில் ஒரு டப்பா கறிபாப்போடு மண்டபத்துக்குப் போனாள். வேடிக்கை பார்க்க வெறுங்கையோடு போவது நன்றாக இருக்காது. ஷார்மேன் முதல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்த சட்டை, முதுகெல்லாம் வியர்வை. பின்னால் சதாசிவம், தினேஸ்வரி.

"என்னாம்மா, இன்னும் ஆகலியா?" என்றாள் மங்களம்.

"டெஸ்க்டாப்ப எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன் ஆன்ட்டி. அப்பவும் அதேதான்."

"பழசையே வச்சிருந்தா செனாங்கா, தொல்லையில்லாம இருந்திருக்கும்லா" என்று சொல்லி, டப்பாவைத் திறந்து நீட்டினாள். அந்தப் பெண் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தின்னவில்லை. மங்களத்துக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஷார்மேன் கறுப்புத் திரைக்குப் போனாள். உள்ளே ஒளிந்திருக்கிற கோப்புகளை எல்லாம் வரிசையாகக் காட்டச் சொல்லி அடித்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அது யாருக்குச் சொந்தம், கடைசியாக எப்போது தொடப்பட்டது என்று எழுதியிருக்கும். எல்லா வரியிலும் பிள்ளைகளின் பொதுப் பெயரே இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் ரூட். பக்கத்தில், புதன்கிழமை தேதி. மூன்று நாற்பது.

மங்களம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் விளக்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப் எழும்பும்போதெல்லாம் எழுதிப் பார்க்கிற கோப்பு அது. தான் அன்றைக்கு சுடோ போட்டு எழுப்பியதில் அது துரையின் பெயருக்கு மாறிவிட்டது. துரையின் கோப்பில் கூலி கை வைக்க முடியாது. அதனால்தான் உள்ளே போகிற பிள்ளைகளை வெளியே தள்ளுகிறது.

ஷார்மேன் எழுந்து அடுத்த பெட்டியைப் பார்த்தாள். மூன்று நாற்பத்தெட்டு. அதற்கடுத்தது, மூன்று ஐம்பத்தைந்து. மூன்றாவது பெட்டியோடு நிறுத்திக்கொண்டு திரும்பினாள். அவள் பார்வை மங்களத்தின் முகத்துக்கு வரவில்லை. கையில் இருந்த சாவிக்கொத்தில் வந்து நின்றது. மங்களம் அதைக் கைப்பைக்குள் போட்டாள். போட்ட பிறகுதான், போட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டியாம்மா? என்னாதான் பிரச்சனை?" என்றார் சதாசிவம்.

ஷார்மேன் கொஞ்சம் யோசித்தாள். "என் தப்புதான் அங்கிள். மாத்துனப்ப பர்மிஷன சரியா வைக்காம விட்டுட்டேன். சாரி டீச்சர்."

மங்களத்துக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்லக்கூட வாய் துடித்தது. அதோடு விட்டிருந்தால் கதை வேறு. ஆனால் சதாசிவத்துக்கு வாய் சும்மா இருக்காதே.

"பாத்தியா தினேஸ்வரி" என்று ஆரம்பித்தார். "இந்தக் காலத்துல யாரு இப்படி ஒத்துக்கிறா சொல்லு. வேலையும் தெரியுது, தப்புன்னா தப்புன்னு சொல்ற குணமும் இருக்கு. பெத்தவங்க கொடுத்து வச்சவங்க."

"ஆமாண்ணே, தங்கமான புள்ள" என்றாள் தினேஸ்வரி. அவள் கண்கூடக் கலங்கியிருந்தது.

அட கடவுளே. மலைப்படம் போட்டதற்குப் பாராட்டு, சரி. தமிழ் கொண்டுவந்ததற்குப் பாராட்டு, போகட்டும். மங்களம் செய்த தப்புக்குமா இவளுக்குப் பாராட்டு? அந்தத் தப்பு மங்களத்தினுடையது. எட்டுப் பெட்டியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அவள் கையால் செய்தது. அதையும் தூக்கி இவள் மடியில் போட்டுக்கொண்டு நல்ல பெயர் வாங்குகிறாள். மூன்று மாதத்து உழைப்பை எடுத்துக்கொண்டாள், கதவை எடுத்துக்கொண்டாள், இப்போது இதுவும் வேண்டுமாம்.

"அவ செய்யல" என்றாள் மங்களம். "நான்தான் செஞ்சேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"புதன்கிழம மூணு நாப்பதுக்கு நான்தான் வந்தேன். பழச எழுப்பிப் பாத்தேன். எட்டுலயும். அதான் இப்படி ஆச்சு. இந்தப் புள்ள பொய் சொல்லுது."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். தப்பை ஒத்துக்கொள்கிற குணத்தைப் பற்றிச் சதாசிவம் இப்போது ஏதாவது சொல்லுவார் என்று ஒரு மூலையில் நிஜமாகவே எதிர்பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார். தினேஸ்வரி தரையைப் பார்த்தாள். ஷார்மேன் ஒப்புக்கொண்டபோது பெற்றோர் வரைக்கும் போன பாராட்டு, இவளுக்கு ஒரு 'ம்' அளவுக்குக்கூட வரவில்லை.

மங்களத்துக்குக் கண் எரிந்தது. "தள்ளும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பைத் துரையிடமிருந்து பிடுங்கிப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைக்கிற கட்டளையும் 555-இல் உண்டு. புத்தகத்தைத் திறக்காமலேயே அடித்தாள். பாஸ்வேர்டைப் போட்டாள். இந்தத் தடவை திரை திருப்பி அனுப்பவில்லை. கிளேடாங் மலை வந்தது, பொத்தான்கள் வந்தன, தமிழ் வந்தது. அழகாகத்தான் இருந்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனாள். மறுகோடியிலிருந்து ஷார்மேன் ஆரம்பித்தாள். இருவரும் நடுவில் சந்தித்தபோது மணி ஆறு பத்து.

"சாவிய எங்கிட்ட குடுத்துடும்மா" என்றார் சதாசிவம், முகத்தைப் பார்க்காமல்.

மங்களம் கைப்பைக்குள் கையை விட்டாள். கை வெளியே வர மாட்டேன் என்றது.

"வேணாம் அங்கிள்" என்றாள் ஷார்மேன். "சாவி அக்காகிட்டயே இருக்கட்டும். எல்லாரும் ஒரே பேர்ல உள்ள போறதாலதான் இந்தக் குழப்பம். நான் ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் போட்டு வைக்கிறேன். அப்புறம் பிரச்சனையே வராது."

அக்கா என்றாள். மங்களம் கவனித்தாள். பஸ் ஏறப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் கிடந்து உருண்டது. நல்ல பிள்ளைதானோ, நாம்தான் கரித்துக்கொட்டிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

சனிக்கிழமைத் தேர்வு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அடுத்த புதன், ஷிப்ட் முடிந்து வந்த மங்களம் அறையைத் திறந்தாள். முதல் பெட்டியை முடுக்கினாள். திரையில் இரண்டு பெயர்கள் தமிழில் நின்றன. மாணவர். அதற்குக் கீழே, மங்களம்.

தன் பெயரைக் கம்ப்யூட்டர் திரையில் தமிழில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரலால் தொட்டுப் பார்த்தாள். மலைக்குப் பதிலாக, அவள் பெயரைத் தட்டினால் வந்தது பழைய சாம்பல் நிறத் திரை. அவளுக்காகவே தேடிப் போட்டு வைத்திருக்கிறாள் அந்தப் பெண். மங்களம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதில் இருக்கிற தன் தாளைக் கழற்றிவிட்டு அவளுடையதை மட்டும் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

சரி, வந்ததுக்கு ஒரு அப்டேட் ஓட்டிவிட்டுப் போவோம் என்று கறுப்புத் திரைக்குப் போனாள். சுடோ போட்டுக் கட்டளையை அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. பழைய பாஸ்வேர்டையே கொடுத்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மங்களம் என்ற பெயருக்கு அந்த அதிகாரம் கிடையாது, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.

அடுத்த பெட்டியில் பார்த்தாள். அதே வரி. எட்டிலும் பார்த்தாள். எட்டிலும் அதே வரி.

மேலிடம் யார் என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும். சாவியைக் கையில் கொடுத்து, அக்கா என்று கூப்பிட்டு, பழைய திரையையும் பரிசாகக் கொடுத்து, வீட்டை மட்டும் பெயர் மாற்றி எழுதிக்கொண்டாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. மங்களம் நாற்காலியில் சாய்ந்து அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது வேறு.

இரண்டாவது சனிக்கிழமை, பத்தேகாலுக்கு முன்னாலேயே, பாஸ்வேர்டு கேட்டபோது நான் அவளுக்குச் செய்திருக்க வேண்டியது இதுதான் என்று நினைத்தாள்.