அணியத்தில் ஓர் இடம்

சுப்பராயலு படகில் ஆள் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. கனத்த உடம்புக்காரர்கள் நடுவில், ஒல்லியானவர்கள் முன்னால், அணியத்தில். எப்சிபாவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே நடுப்பலகைதான். "பீப்பா வந்துடுச்சு, நவுருங்க" என்று கூடப்பிறந்த தங்கை எலிசபெத்தே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய எப்சிபாவைப் பார்த்து, ஏரிக்கரையில் நின்ற சனம் வாயைப் பிளந்தது. நான்கே மாதத்தில் இருபத்திரண்டு கிலோ போயிருந்தது. அக்கரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த எலிசபெத் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நீ இன்னாத்துக்குமா நடுவுல, முன்னாடி போய் உக்காரு" என்றார் சுப்பராயலு.

அணியத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வயதில் முதல் முறையாக ஏரிக்காற்று நேராக முகத்தில் அடித்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. வயிற்றில் கட்டி, பரவிவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாள்தான் ஆகிறது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பண்டிகை முடியட்டும், அதுவரை நாலு பேர் அழகாயிட்டே என்று சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள். பாவி மனசு, எத்தனை வருஷமாக அதற்கு ஏங்கிக் கிடந்தது.

படகு கிளம்பியதும் வாங்கிவந்த பிளம் கேக்கைப் பிரித்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த தங்கைக்கு ஒரு துண்டு நீட்டினாள். எலிசபெத் கையைத் தள்ளினாள்.

"வேணாங்க்கா. நீ போட்டோ அனுப்புனதுலேர்ந்து ராத்திரி சோறே துன்றதில்ல. புள்ள பொறந்தப்புறம் வயிறு போட்டுடுச்சுனு அவரு சொல்லிக்காட்டிக்கினே கீறாரு. நீ இன்னா பண்ணே? சொல்லு, அதையே நானும் பண்றேன்."

இவ்வளவு நேரம் இனித்த பேச்சு எப்சிபாவுக்குக் கசந்துபோனது. ஐயோ, என்னைப் பார்த்தா இவள் பட்டினி கிடக்கிறாள்?

"நான் எதுவும் பண்லடி. கேன்சர்."

எலிசபெத் சிரிக்கப் பார்த்தாள். அக்காவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சுற்றி வந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சட்டென்று விட்டுவிட்டு, கேக்கை வாங்கி அக்காவின் வாயருகே கொண்டுபோனாள்.

"துன்னுக்கா. கொஞ்சம் துன்னு. மறுபடியும் ஒடம்பு ஏறிடும் இல்ல? பழைய மாரியே ஆயிடுவே இல்ல?"

எப்சிபா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். விழுங்கத்தான் முடியவில்லை.