பேஜாரு நைனா

ராபினுக்குத் திடீரென்று ஊர்ப்பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. திருநின்றவூர் ஃபிளாட்டில் ஏசி போட்டுக்கொண்டு லேப்டாப்பில் டொம் டொம்மென்று இசை பண்ணுகிறவன் அவன். அப்பா செத்ததற்கே அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். அப்பேர்ப்பட்டவன் கும்மிடிப்பூண்டிக்குக் காணிக்கை என்று ஒரு டிராக் போட்டிருந்தான். மில் சங்கு, ரயில் சத்தம், நடுநடுவே அக்கா ஜெனிபரின் குரல்: "பேஜாரு நைனா, எப்பத்தான் ஒயிவானோ!"

கேட்டதுமே ஜெனிபருக்கு விளங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, ஷிப்டு முடிந்து வந்து அவள் புலம்பியதைத் திருட்டுத்தனமாகப் போனில் பிடித்திருக்கிறான். வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கம்பெனிப் பெண்களுக்குப் 'பேஜாரு நைனா' என்றால் சூப்பர்வைசர் சுப்பிரமணி. தொட்டதற்கெல்லாம் நைநை என்று உயிரை எடுக்கிறவன். தம்பி மேதாவியோ, படுக்கையில் கிடந்த அப்பாவைத்தான் அக்கா திட்டினாள் என்று முடிவுகட்டி, 'மறைந்த என் தந்தைக்கு' என்று கீழே எழுதியும் வைத்திருந்தான்.

உடனே போன் போட்டாள். "டேய், அது நைனாவ இல்லடா, எங்க சூப்பர்வைசர! மொதல்ல அத எடு."

"இன்னாக்கா, கேக்குறவன்லாம் அழுவுறான். நம்ம ஊருக்கே பெருமை."

"எனுக்கு வேல பூடும்டா, பரதேசி!"

"உனுக்கு ஆர்ட் புரியாதுக்கா," என்று வைத்துவிட்டான்.

வருஷக்கணக்காகக் காண்ட்ராக்டில் தேய்ந்தவளை நிரந்தரமாக்கும் தாள், கையெழுத்துக்காகச் சுப்பிரமணியின் மேசையில்தான் கிடந்தது. மறுநாளே அவன் அவளைக் கூப்பிட்டான். அவன் போனில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் இதப் பாடிக்கினு என்னப் பாத்து சிரிக்குதுங்க. இது உன் கொரலுதானே? யாரச் சொன்ன?"

ஜெனிபர் தாளைப் பார்த்தாள். இவள் ஷிப்டு முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்துக்கிடந்த மனுஷன் அப்பா.

"எங்க அப்பாவத்தான் சார், படுக்கைல கெடந்தப்போ. ஊட்ல நைனான்னுதான் கூப்புடுவோம். கீழ தம்பி எழுதிக்கிறான் பாருங்க."

சுப்பிரமணி படித்தான். முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே பெரிய மனுஷத் தோரணை வந்துவிட்டது.

"ஒடம்பு முடியாத மனுஷன இப்டியா பேசுவ? பெத்தவராச்சேம்மா! உன் தம்பியப் பாரு, அப்பன் மேல இன்னா மரியாதை!"

"தப்புதான் சார்," என்றாள். சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்போல அருவருப்பாக இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தலைகுனிந்தே நின்றாள்.