கனடா பூஜ்யம், இத்தாலி பூஜ்யம்

"இன்னிக்கு எத்தனை தடவை படிச்சாங்க, இண்டாய்?"

சாயங்காலக் கஞ்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு என் தத்தாய், அதாவது அப்பா, இதைக் கேட்காத நாளில்லை. வாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்ததோடு வாயும் கோணிவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்வி மட்டும் பிசிறில்லாமல் வரும்.

"கனடாவில அஞ்சு, இத்தாலியில நாலு, தத்தாய்" என்பேன். சுத்தப் பொய்.

குடும்ப வலைப்பூ வேண்டுமென்று கேட்டது வின்னிபெக்கில் இருக்கும், நான் மனோங் என்று கூப்பிடும் அண்ணன் எஃப்ரனும் மிலானில் இருக்கும் அக்கா ஜோவியும்தான். அப்பா எப்படியிருக்கிறார் என்று நான் ஒன்றுமே சொல்வதில்லையாம். சரி, எழுதித் தொலைப்போம் என்று, இங்கே பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதினேன். எங்கள் மூவரையும் தத்தாயையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஒவ்வொரு பதிவின் சுட்டியையும் குடும்பக் குழுவில் போடுவேன். அரை நிமிஷத்தில் இரண்டு சிவப்பு இதயம் வந்துவிடும். முதலில் எனக்கும் உச்சி குளிர்ந்தது.

எந்த நாட்டில் எத்தனை தடவை படித்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று இருப்பதைப் பிறகுதான் கண்டேன். என் கைபேசியில் நான் பார்ப்பது சேராதபடி குறித்துவைத்தேன். கனடா பூஜ்யம், இத்தாலி பூஜ்யம். தலைப்பைப் பார்த்து இதயம் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

தத்தாய் குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் ஆறு தையல் போட்ட வாரம், வேண்டுமென்றே 'தத்தாயின் புதிய நடனம்' என்று தலைப்பு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் பேசும்போது அண்ணன் சிரித்தார்.

"படிச்சேன், படிச்சேன். இந்த வயசுலயும் ஆட்டம் போடுறாரே. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"எனக்கும்தான்" என்றாள் ஜோவி அக்கா. "அடுத்த தடவை வீடியோ எடுத்து அனுப்புடி."

நல்லவேளை, தத்தாய் தூங்கிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அவருக்கு எண்பது முடிந்தது. ஆயுள் நீளட்டும் என்று பன்சித் நூடுல்ஸ் கிண்டினேன். மேசையில் இரண்டு தட்டு கூடுதலாக வைக்கச் சொன்னார். வைத்தேன். சாப்பிடாமல் அந்த வெறும் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை வந்துட்டுப் போனா தேவலை" என்றார். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். இதயம் இரண்டு, படித்தது பூஜ்யம்.

நேற்று காலை என் பொறுமை போய்விட்டது. 'லெகானெஸ் மனை: தத்தாய் முடிவு செய்துவிட்டார்' என்று தலைப்பு வைத்தேன். உள்ளே இருந்தது, அவர் பேரில் இருக்கும் அந்த மனையின் வேலியோரமாக வாழை நடுவதென்ற முடிவு. அதில் பொய் எதுவும் இல்லை.

இந்த முறை இதயம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் கனடா நாற்பத்தொன்று, இத்தாலி முப்பத்திரண்டு. அண்ணன் தானாகவே அழைத்தார்.

"என்ன இது, வாழைக்கன்னுன்னு எழுதியிருக்கே?"

"பரவாயில்லையே மனோங், கடைசி வரைக்கும் படிச்சிட்டீங்க போலிருக்கே."

"விளையாடாத. பத்திரம் யார் பேருக்குப் போகுது?"

"தத்தாய் நெத்தித் தழும்பு நல்லா ஆறிடுச்சு, மனோங்."

"என்ன தழும்பு?"

வைத்துவிட்டேன்.

கஞ்சி கொடுக்கும்போது தத்தாய் வழக்கம்போலக் கேட்டார்.

"எழுபத்துமூணு தடவை, தத்தாய்."

ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். அத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் இவ்வளவு கசக்கவில்லை. அவருடைய நல்ல பக்கத்து உதடு துடித்தது.

"எதை அவ்வளவு தடவை படிச்சாங்க?"

"உங்க பொறந்தநாளைப் பத்தி எழுதினதை."

"எனக்கும் ஒருதரம் படிச்சுக் காட்டேன்."

என் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அவருடைய பழைய கைபேசியிலேயே திறந்து படித்தேன். வெறும் தட்டுகள் வரும் இடத்தில் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிருப்பாங்க, பாவம் புள்ளைங்க."

மிச்சக் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

இன்று காலை எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்தேன். பிறந்தநாள் பதிவுக்கு நேரே பூஜ்யம் மாறியிருந்தது. பிலிப்பைன்ஸ், ஒன்று.