பதினொரு நாள் சூடு

குளச்சலுக்கு மேற்கே சர்க்கார் தென்னந்தோப்பில் நேசையனுக்கு எழுத்துவேலை. தினம் காலை ஏழு மணிக்கு இரண்டு சூடு பார்த்து நோட்டில் பதிய வேண்டும். ஒன்று, ஆபீஸ் வாசலில் தொங்கும் பாரன்ஹீட் தெர்மாமீட்டரில் காற்றின் சூடு. மற்றது, தோப்பின் மறுகோடியில் நாலடி ஆழத்துக்கு இறக்கிய இரும்புக் குழாய்க்குள் சங்கிலியில் தொங்கும் இன்னொரு தெர்மாமீட்டரில் மண்ணின் சூடு. முதல் மாதம் ஒழுங்காகப் போய்ச் சங்கிலியை இழுத்துப் பார்த்தான். பிறகு வந்த ஏழு மாதமும் காற்றின் சூட்டோடு மூன்றைக் கூட்டி, நாற்காலியில் இருந்தபடியே எழுதிவிடுவான். மேலே காய்ந்தால் கீழேயும் காயும், இதற்குப் போய் நடப்பானேன் என்று நினைப்பு.

1934-இல் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்த ஆறாம் நாள் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மிஷன் பள்ளியில் படித்த மனைவி தங்கபாய், பதினொரு நாளும் ஓலைக்குடையோடு போய்ப் பார்த்து எழுதினாள்.

அவன் வேலைக்குத் திரும்பிய வாரம் திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி பகவதியப்பன் வந்தார். தேங்காய் பொறுக்குகிறவர்கள் நாலு பேர் முற்றத்தில் நின்றார்கள். தங்கபாயும் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"மண்ணுச் சூடு, மழை தொடங்கினதும் எழுபத்தொன்பது. நடுவுல பதினொரு நாள் எண்பத்தேழு. மறுபடியும் எழுபத்தொன்பது. என்னய்யா இது?"

"அந்தப் பதினொண்ணும் எனக்க பெண்டாட்டி எழுதினது சார். அவளுக்குப் பாக்கத் தெரியாது."

தங்கபாய் கஞ்சிப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

அதிகாரி குழாயடிக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். சங்கிலியை அவரே இழுத்தார். எண்பத்தாறு.

"மேல அடிச்ச வெயில் நாலடி இறங்க ஒரு மாசம் ஆகும். மழையில காத்து குளுந்தாலும், கோடைச் சூடு இப்பத்தான் கீழ வந்து நிக்குது. அதைப் பாக்கத்தான் இந்தக் குழாய். உன் கணக்குல மண்ணும் காத்தும் ஒண்ணாவே ஏறி ஒண்ணாவே இறங்குது. எங்க இருந்து எழுதினே?"

"ஆபீஸ்ல இருந்து, சார்."

ஏழு மாதத்து எண்களை அவன் கையாலேயே சிவப்பு மையில் அடிக்க வைத்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம் என்று நேசையனுக்குப் பட்டது.

சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்றான். "ஏட்டி, நான் சொன்னது தப்பு."

தங்கபாய் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நாலாளு முன்னால சொன்னதை அடுக்களையில வந்து திருப்பி எடுக்கியளா?"

மறுநாள் காலை முற்றத்தில் அந்த நாலு பேரையும் நிறுத்தினான். "அவ எழுதினதுதான் சரி. நான்தான் பாக்காம எழுதினேன். பழியை அவமேல போட்டேன்."

மூத்தவன் சுடலையாண்டி தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். "ஏழு மாசமா நீரு அந்தப் பக்கம் வராதது எங்களுக்குத் தெரியாதா வோய்? அதை நாங்க பெருசா எடுக்கல. மழையில நனைஞ்சு போன பொம்பளையச் சொன்னீரு பாரும், அதுதான் பொறுக்கல."

நேசையன் தலை கவிழ்ந்தபடி குழாயடிக்கு நடந்தான். முதுகில் நாலு பேர் பார்வையும் தைத்தது.

தங்கபாய் மூன்று நாள் கழித்துத்தான் பேசினாள். அதுவும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு என்று.